பாட்டுச் செயலியின் முகப்பை மாற்றியமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செயலி வடிவமைப்பில் இருப்பவர்களும், வெறுமனே பாட்டுக் கேட்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் ஸ்பாட்டிஃபை என்ற பாட்டுச் செயலியிலிருந்து வருகின்றன. 2006-இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய அந்த நிறுவனம் தன் முகப்பை, அதாவது செயலியைத் திறந்ததும் வரும் முதல் திரையை, பலமுறை கலைத்துப் போட்டிருக்கிறது. உள்ளே வேலை எப்படி நடக்கிறது என்று அதன் ஆய்வாளர்கள் கட்டுரைகளும் வெளியிட்டிருக்கிறார்கள். அதனால் ஊகத்தில் இறங்காமல் பேச முடிகிறது.

தேடல் பெட்டி இருக்கும்போது முகப்பு எதற்கு?

என்ன பாட்டு வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தவருக்குத் தேடல் போதும். ஆனால் செயலியைத் திறக்கும் நேரத்தில் நம்மில் பலருக்கு அது தெரிவதில்லை. "ஏதாவது போடலாம்" என்றுதான் திறக்கிறோம். காலைப் பேருந்தில் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும், இன்னொரு கையின் கட்டைவிரல் மட்டும் திரையில் இருக்கும். அந்தக் கட்டைவிரல் எட்டும் தூரத்தில், படித்து யோசிக்க வேண்டிய அவசியம் இல்லாமல், சரியான ஒன்று இருக்க வேண்டும்.

என் கருத்து இதுதான்: முகப்பின் வேலை பாட்டைத் தொடங்கி வைப்பது. தொடங்கியதும் போன் சட்டைப் பைக்குள் போய்விட வேண்டும். வீடியோ செயலியில் கண் திரையை விட்டு நகராது. பாட்டுச் செயலிக்குக் காது போதும். ஆளைத் திரையிலேயே பிடித்து வைக்கும் முகப்பு, எவ்வளவு அழகாக இருந்தாலும், பாட்டுக் கேட்க வந்தவரின் நேரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் இதுவே.

ஆளுக்கு ஆள் முகப்பு மாறுகிறது என்கிறார்கள். எதெல்லாம் மாறுகிறது?

நாம் நினைப்பதைவிட அதிகம். முகப்பு என்பது மேலிருந்து கீழே அடுக்கிய வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் இடமிருந்து வலமாகச் சில கார்டுகள். ஒரு கார்டு ஆல்பமாக, பிளேலிஸ்ட்டாக, பாட்காஸ்ட்டாக இருக்கலாம். எந்த வரிசைகள் வர வேண்டும், எது மேலே, எது கீழே, வரிசைக்குள் எந்த கார்டு முதலில் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் தனித்தனியாக முடிவாகிறது. வரிசையின் தலைப்பும் மாறும்.

வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. கோடிக்கணக்கான பாட்டுகளிலிருந்து இவருக்குப் பொருந்தக்கூடிய சில நூறை முதலில் பொறுக்கி எடுப்பார்கள். பிறகு அந்தச் சில நூறை நிதானமாக மதிப்பிட்டு வரிசைப்படுத்துவார்கள். மறுவடிவமைப்பு என்றதும் பலரும் வண்ணத்தையும் கார்டின் வளைவையும் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். இந்த இரண்டு கட்டங்களும் பலவீனமாக இருந்தால் வண்ணத்தை மாற்றிப் பயனில்லை. இன்னொன்றும் உண்டு. மேல் வரிசையில் முதல் இடத்தில் எதை வைத்தாலும் கொஞ்சம் பேர் அழுத்துவார்கள். அந்த இடத்துக்கு விழுந்த அழுத்தத்தைப் பாட்டுக்கு விழுந்த வாக்காக எண்ணிவிட்டால், அமைப்பு தன் முடிவைத் தானே மெச்சிக்கொள்ளத் தொடங்கிவிடும். இடத்தின் பங்கைக் கழித்துப் பார்க்காத எந்தக் கணக்கையும் நம்ப வேண்டாம்.

என் ரசனை செயலிக்கு எப்படித் தெரிகிறது?

முக்கியமாக மூன்று வழிகள். முதலாவது, உங்களைப் போலக் கேட்பவர்கள் வேறென்ன கேட்கிறார்கள் என்று பார்ப்பது. இரண்டாவது, மக்கள் கையால் செய்து வைத்திருக்கும் பிளேலிஸ்ட்டுகள். ஒரே பிளேலிஸ்ட்டில் இரண்டு பாட்டுகள் திரும்பத் திரும்பச் சேர்ந்து வந்தால் அவற்றுக்குள் ஏதோ உறவு இருக்கிறது என்று கணக்கு சொல்லிவிடும். மூன்றாவது, ஒலியையே அலசுவது: வேகம், சுருதி, சத்தம், குரல் இருக்கிறதா இல்லையா என்பன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மீடியா லேபிலிருந்து கிளைத்த எக்கோ நெஸ்ட் என்ற நிறுவனம் இதில் கைதேர்ந்தது. 2014 மார்ச்சில் ஸ்பாட்டிஃபை அதை வாங்கியது. அடுத்த ஆண்டு ஜூலையில் டிஸ்கவர் வீக்லி வந்தது: திங்கள்தோறும் 30 பாட்டு, ஒவ்வொருவருக்கும் வேறு வேறு.

ஒலி அலசல் புதுப் பாட்டுகளுக்குத்தான் உயிர் கொடுக்கிறது. நேற்று வெளிவந்த, யாரும் கேட்காத பாட்டுக்கு முதல் இரண்டு வழிகளிலும் தடயம் இருக்காது.

கேட்டதையே திரும்பத் திரும்பக் காட்டுகிறதே, இதுதான் பெரிய புத்திசாலித்தனமா?

ஆமாம் என்றே சொல்வேன். இந்தப் புகார் நியாயமானதுபோலத் தெரியும். ஆனால் நாம் பாட்டுக் கேட்கும் விதத்தைக் கொஞ்சம் கவனித்தால் பதில் கிடைத்துவிடும். படத்தைப் பெரும்பாலும் ஒருமுறை பார்க்கிறோம். பாட்டை நூறுமுறை கேட்கிறோம். பிடித்ததற்குத் திரும்பி வருவது பாட்டுக் கேட்பதன் பெரும்பகுதி. அந்தப் பாதையை ஒரே அழுத்தத்தில் முடித்துக் கொடுப்பதுதான் முகப்பின் முதல் கடமை.

2020 மார்ச்சில் ஸ்பாட்டிஃபை செய்த மாற்றம் இதைப் புரிந்துகொண்டு செய்தது. திரையின் உச்சியில் ஆறு சிறிய கட்டங்கள், இரண்டு இரண்டாக மூன்று வரிசையில். மேலே நேரத்துக்கேற்ற வணக்கம். காலையில் ஓடும்போது போடும் பிளேலிஸ்ட், பாதியில் விட்ட பாட்காஸ்ட், இந்த வாரம் விடாமல் கேட்கும் ஆல்பம் எல்லாம் அந்த ஆறுக்குள் வரும். மாலையில் கட்டங்கள் மாறும். படம் சிறியது, பெயர் பக்கத்திலேயே இருக்கிறது, உருட்ட வேண்டியதில்லை. அந்தச் செயலியில் நான் பார்த்த மாற்றங்களில் மிகவும் பயனுள்ளது இதுதான்.

டிஸ்கவர் வீக்லியின் பின்கதையும் இதையே சொல்கிறது. அதில் இதுவரை கேட்காத பாட்டுகள் மட்டுமே வர வேண்டும் என்பதுதான் முதல் திட்டம். சோதனைக் கட்டத்தில் ஒரு பிழையால் ஏற்கெனவே கேட்ட சில பாட்டுகளும் உள்ளே நுழைந்துவிட்டன. பிழையைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். உடனே ஆட்கள் கேட்பது குறைந்துபோனது. முன்பின் தெரியாத முப்பது பெயர்களுக்கு நடுவே தெரிந்த ஒன்றிரண்டு இருந்தால்தான் "நம்ம ரசனை இதற்குப் புரிகிறது" என்ற நம்பிக்கை வருகிறது. அதனால் பழகியதைக் கொஞ்சம் வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள்.

அப்படியானால் புதுப் பாட்டுக்கு எங்கே இடம்?

இரண்டாவது திரைவீச்சில். அதாவது, ஒருமுறை விரலால் தள்ளியதும் வரும் பகுதியில்.

வழக்கமான ஓட்டலிலேயே சாப்பிடுவதா, புதிதாகத் திறந்த கடையை முயன்று பார்ப்பதா என்ற தவிப்பு அமைப்புக்கும் உண்டு. தெரிந்ததையே கொடுத்தால் இன்றைக்குப் பாதுகாப்பு, ஆனால் உங்களைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரியவராது. தெரியாததைக் கொடுத்தால் சில சமயம் வீணாகும், சில சமயம் வாழ்நாள் முழுக்கப் பிடித்துப்போகும் ஒரு குரல் கிடைக்கும். இந்தச் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் கணக்கு முறைகளுக்கு 'பேண்டிட்' என்று பெயர். ஸ்பாட்டிஃபை ஆய்வாளர்கள் 2018-இல் வான்கூவரில் நடந்த ரெக்சிஸ் என்ற பரிந்துரை அமைப்புகளுக்கான மாநாட்டில் 'பார்ட்' என்ற தங்கள் முறையை ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். அவ்வப்போது தனக்கு உறுதியில்லாத ஒன்றையும் காட்டி, என்ன நடக்கிறது என்று பார்த்துக் கற்றுக்கொள்ளும் முறை அது.

வடிவமைப்பவர் இங்கே முடிவு செய்ய வேண்டியது, பரிசோதனை எந்த இடத்தில் நடக்கலாம் என்பதை. உச்சியில் இருக்கும் கட்டங்களில் பரிசோதனை கூடாது. அங்கே விரல் பழக்கத்தில் போகிறது. நேற்று இருந்த இடத்தில் இன்று வேறொன்று இருந்தால் தவறாக அழுத்துவார், எரிச்சலாவார். கீழே வரும் வரிசைகளில் தாராளமாகச் செய்யலாம், அங்கே இறங்கி வருபவர் தேடும் மனதோடு வருகிறார்.

30 விநாடிக் கணக்கு என்பது என்ன?

ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 விநாடி ஓடினால்தான் ஒருமுறை கேட்டதாகக் கணக்கு. கலைஞருக்கான பணமும் அந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறது. முகப்பில் ஒரு கார்டு வென்றதா தோற்றதா என்று பார்க்கவும் இந்த 30 விநாடிக் கோட்டையே பயன்படுத்துவது வழக்கம்.

வசதியான கோடு, ஆனால் முரட்டுத்தனமானது. தூக்கம் வர மெல்லிசை போடுபவர் மணிக்கணக்கில் ஓடவிடுவார். அவருக்கு 30 விநாடி என்பது ஒன்றுமே இல்லை. புதுப் பாட்டுகளைத் தேடித் தட்டித் தட்டிக் கேட்பவருக்கோ 30 விநாடி பெரிய நேரம். ஒரே வெற்றிக்கோட்டை எல்லோருக்கும் எல்லாப் பிளேலிஸ்ட்டுகளுக்கும் வைப்பது சரியில்லை, ஆளுக்கும் உள்ளடக்கத்துக்கும் ஏற்ப அது மாற வேண்டும் என்று ஸ்பாட்டிஃபையின் ஆய்வாளர்களே 2019-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள்.

2023-இல் வந்த மாற்றத்துக்கு ஏன் அவ்வளவு எதிர்ப்பு?

2023 மார்ச் 8 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நிகழ்ச்சியில் ஸ்பாட்டிஃபை புதிய முகப்பை அறிவித்தது. பெரிய கார்டுகள், அசையும் படங்கள், செங்குத்தாக உருட்டிக்கொண்டே போகும் ஓடை, பாட்டின் முன்னோட்டம் தானாகவே தெரிவது. குறும்வீடியோ செயலிகளின் வாசனை அதில் அடித்தது, அன்றே பலரும் அதைச் சொன்னார்கள்.

அதன் நோக்கத்தில் நியாயம் இருக்கிறது. தெரியாத பாட்டை அட்டைப் படத்தை மட்டும் வைத்து எப்படித் தேர்ந்தெடுப்பது? பத்து விநாடி கேட்க முடிந்தால் முடிவு செய்வது எளிது. இந்த எண்ணம் எனக்கும் பிடித்தது. கோளாறு, அதை வைத்த இடத்தில். ஒரு திரையில் ஆறேழு தேர்வுகள் தெரிந்த இடத்தில் ஒன்றிரண்டுதான் தெரிந்தன. திரும்பி வருபவர்களுக்கான வாசலைத் தேடுபவர்களுக்கான காட்சிக்கூடமாக மாற்றினால், திரும்பி வருபவர்கள் கோபப்படத்தான் செய்வார்கள். அவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம்.

முன்னோட்டத்தைத் தனி இடத்தில் வைத்திருந்தால், விரும்பி வருபவர்கள் கொண்டாடியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

புதிய முகப்பு வென்றதா என்று எதை வைத்து அளப்பது?

எத்தனை பேர் அழுத்தினார்கள், எவ்வளவு நேரம் முகப்பில் இருந்தார்கள் என்ற இரண்டையும் தலைமை அளவீடாக வைக்காதீர்கள். முகப்பில் நேரம் கூடியது என்றால், பாட்டுக் கிடைக்காமல் அலைந்தார்கள் என்றும் பொருள் இருக்கலாம். நான் பார்க்கச் சொல்வது: திறந்ததிலிருந்து பாட்டு ஒலிக்கும் வரை எத்தனை விநாடி ஆனது? போட்ட பாட்டை முழுதாகக் கேட்டாரா, உடனே ஸ்கிப் செய்தாரா? எதையும் போடாமல் மூடிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்? முகப்பைக் கைவிட்டுத் தேடலுக்கு ஓடியவர்கள்? அவர் தானாகத் தேடிக் கண்டெடுத்த ஒன்றை அடுத்த வாரம் முகப்பு நினைவில் வைத்திருந்ததா?

ஏ/பி சோதனையை, அதாவது ஒரு பகுதியினருக்குப் பழையதையும் இன்னொரு பகுதியினருக்குப் புதியதையும் காட்டி ஒப்பிடுவதை, இரண்டு வாரத்தில் முடித்துக்கொள்ளும் அவசரமும் வேண்டாம். புதிதாக எதை வைத்தாலும் முதல் சில நாள் அழுத்திப் பார்ப்பார்கள். அந்த ஆர்வம் அடங்கிய பிறகு வரும் எண்தான் உண்மையான எண். ஒரு சிறு பகுதிப் பயனர்களைப் பழைய முகப்பிலேயே மாதக்கணக்கில் விட்டுவைத்து ஒப்பிடுவது நல்ல பழக்கம்.

இன்னொரு அளவீட்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: ரசனையின் அகலம். 2020-இல் ஸ்பாட்டிஃபை ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை அல்காரிதம் தரும் பாட்டுகளையும் ஆட்கள் தாமாகத் தேர்ந்தெடுக்கும் பாட்டுகளையும் பிரித்துப் பார்த்தது. அல்காரிதம் வழியாகக் கேட்கும்போது வகைகள் குறைவாக இருந்தன. காலப்போக்கில் ரசனை விரிந்தவர்கள் தாமாகத் தேர்ந்தெடுக்கும் பக்கம் நகர்ந்தவர்கள். பலவகையும் கேட்பவர்கள்தான் செயலியை விட்டுப் போகாமல் நீடித்தார்கள், இலவசத்திலிருந்து சந்தாவுக்கும் மாறினார்கள். குறுகிய காலத்தில் அழுத்தம் கூட்டுவதற்காக ஒருவரின் ரசனையைச் சுருக்கிவிட்டால், நீண்ட காலத்தில் அவரையே இழக்க நேரிடும். தனிப்பயனாக்கம் செய்யும் ஒவ்வொரு குழுவும் இந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டும்.

"நீங்கள் இதைக் கேட்டதால்" என்று காரணம் போடுவது அவசியமா?

அவசியம். காரணம் இல்லாத பரிந்துரை விளம்பரம்போலத் தெரியும். மேலே சொன்ன 2018 கட்டுரையின் முக்கியமான கருத்தே இதுதான்: ஒரே பாட்டை வெவ்வேறு காரணத்தோடு காட்டினால் ஆட்கள் வெவ்வேறு விதமாக நடந்துகொள்வார்கள். ஆகவே பாட்டையும் காரணத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

தமிழில் இதைச் செய்யும்போது ஒரு நடைமுறைச் சிக்கல் வரும். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு கலைஞர் பெயரை மட்டும் நடுவில் செருகிவிடலாம். தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்ளும். இளையராஜாவை, ரஹ்மானை, ஜானகியை என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். கவனிக்காமல் விட்டால் "இளையராஜாஐ கேட்டதால்" என்று திரையில் வந்து நிற்கும். சுலபமான வழி, பெயருக்குப் பின்னால் மாறாத ஒரு சொல்லை வைத்துவிடுவது: "இளையராஜா பாடல்களைக் கேட்டதால்". யார் பெயர் வந்தாலும் வாக்கியம் உடையாது.

தமிழ் முகப்பில் எழுத்துகள் வெட்டுப்படுகின்றன. என்ன செய்யலாம்?

இரண்டு தனிப் பிரச்சினைகள். ஒன்று நீளம். "உங்களுக்காகப் பிரத்யேகமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிளேலிஸ்ட்டுகள்" என்று மொழிபெயர்த்துக் கொடுத்தால் சிறிய போனில் "உங்களுக்காகப் பிரத்யேக…" வரைதான் தெரியும். "உங்களுக்காக" என்று நிறுத்தினால் போதும். தலைப்பை முதலிலேயே தமிழில் யோசிக்கக்கூடிய ஒருவர் குழுவில் இருக்க வேண்டும், கடைசி வாரத்தில் மொழிபெயர்ப்புக்கு அனுப்பினால் இப்படித்தான் ஆகும்.

இரண்டாவது, வெட்டும் முறை. கணினிக்கு 'ள்' என்பது ளகரமும் புள்ளியுமாக இரண்டு குறியீடுகள். குறியீடுகளை எண்ணி வெட்டினால் 'பாடல்கள்' என்பது 'பாடல்கள' என்று புள்ளியில்லாமல் நிற்கும். முழு எழுத்தை ஓர் அலகாக எண்ணி வெட்ட வேண்டும். வரியின் உயரத்தையும் கொஞ்சம் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் மேலே போகும் இகரச் சுழியும் கீழே இறங்கும் உகரமும் பக்கத்து வரியில் இடிக்கும்.

தமிழ்ப் பாட்டுகள் என்று வந்தால் பரிந்துரைகள் ஏன் தடுமாறுகின்றன?

நிறையச் சொல்லலாம். ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கும் 2021-இல் இலங்கைக்கும் வந்தது. அதன் அடிப்படைக் கட்டமைப்பு, மேற்கத்தியப் பாப் இசையை மனதில் வைத்து எழுந்தது. அங்கே ஆல்பம் என்பது ஒரு கலைஞருடையது. நம் திரைப்பாட்டு அப்படியா? ஒரே பாட்டை ஒருவர் இளையராஜா பாட்டாகக் கேட்கிறார், இன்னொருவர் எஸ்.பி.பி. பாட்டாகக் கேட்கிறார், மூன்றாமவருக்கு அது வைரமுத்து பாட்டு, நான்காமவருக்கு ரஜினி பாட்டு. நான்கு பேரும் அழுத்துவது ஒரே பொத்தானை. அடுத்து நான்கு பேருக்கும் காட்ட வேண்டியது வேறு வேறு. இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர், நடிகர், படம், வெளியான ஆண்டு ஆகியவற்றைத் தனித்தனியாகப் பதிந்து வைத்து, இவர் எந்த இழையைப் பிடித்துக்கொண்டு போகிறார் என்று பார்க்காதவரை முகப்பு தமிழ் ரசிகரைப் புரிந்துகொள்ளாது. தமிழுக்கு ஒரு செயலியில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்யலாம் என்றால் நான் இதைத்தான் செய்வேன்.

மொழி விஷயத்திலும் சிக்கல் உண்டு. எஸ்.பி.பி. தெலுங்கிலும் கன்னடத்திலும் இந்தியிலும் பாடியவர், இளையராஜா மலையாளத்திலும் தெலுங்கிலும் இசையமைத்தவர். பாடகர் பெயரை மட்டும் பின்தொடர்ந்தால் தமிழ் மட்டும் கேட்பவரின் முகப்பில் தெலுங்கு ஆல்பங்கள் வரிசைகட்டும். சரி, 'தமிழ் மட்டும்' என்று சுவர் எழுப்பிவிடலாமா என்றால் அதுவும் தப்பு. கர்நாடக இசை கேட்பவருக்குத் தியாகராஜர் கீர்த்தனைகள் போய்விடும், அவற்றில் பெரும்பாலானவை தெலுங்கு. அதனால் மொழியைத் தடுப்பாக வைக்காமல் சாய்வாக வைக்க வேண்டும். அதுவும் இசை வகைக்கு ஏற்ப: திரையிசையில் சாய்வு அதிகம், சாஸ்திரிய இசையில் குறைவு.

அப்புறம், ஐந்து மொழிகளில் வெளியாகும் படங்கள். ஐந்து ஆல்பங்களுக்கும் ஒரே போஸ்டர், சிறிய கார்டில் எது தமிழ் என்றே தெரியாது. பழைய பாட்டுகளில் இதற்கு நேர்மாறு: ஒரே பதிவு பல தொகுப்பு ஆல்பங்களில் வந்திருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனி எண்ணிக்கை. நீங்கள் ஆசையாகக் கேட்கும் பாட்டின் கணக்கு நாலாகச் சிதறி, எதுவுமே உங்களுக்குப் பிடித்தது இல்லை என்று அமைப்பு முடிவு செய்துவிடும். ஒரே பதிவை ஒன்றாகச் சேர்க்கும் வேலை கவர்ச்சியில்லாதது, யாரும் பாராட்டவும் மாட்டார்கள். செய்தே ஆக வேண்டும்.

நேரத்துக்கு ஏற்ப மாற்றுவது உண்மையிலேயே பயன் தருமா?

நம் வீடுகளில் ரொம்பவே. காலை ஆறு மணிக்குப் பக்திப் பாட்டு, எட்டு மணிக்குப் பயணத்தில் புதுப் பாட்டு, இரவில் பழைய மெலடி என்று கேட்கும் வழக்கம் வானொலிக் காலத்திலிருந்தே இருக்கிறது. நாள் முழுவதையும் கலந்து ஒரு சராசரி ரசனையைக் கண்டுபிடித்தால் அது எந்த வேளைக்கும் பொருந்தாது. 2023 செப்டம்பரில் வந்த டேலிஸ்ட் ஒரே பிளேலிஸ்ட்டைப் பொழுதுக்குப் பொழுது மாற்றுகிறது. நல்ல திசை. நம் ஊருக்கு நாளோடு மாதமும் சேர வேண்டும்: மார்கழியில் ஒருவர் கேட்பதை வைத்துத் தைக்கு முடிவு செய்யக் கூடாது.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே போன். குழந்தைப் பாட்டாகவே வருகிறது!

இரண்டு வயதுக் குழந்தை ஒரே பாட்டை வரிசையாக முப்பது முறை கேட்கும். அமைப்புக்கு அதைவிட வலுவான தடயம் கிடைக்காது. ஒரு வாரத்தில் அப்பாவின் முகப்பு குழந்தையுடையதாகிவிடும்.

ஸ்பாட்டிஃபையில் தனிப்பட்ட அமர்வு என்ற வசதி இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு கேட்பது பரிந்துரைகளைப் பெரிதாகப் பாதிக்காது. குறிப்பிட்ட பிளேலிஸ்ட்டை ரசனைக் கணக்கிலிருந்து விலக்கும் வசதி 2023-இல் வந்தது. இரண்டுமே செட்டிங்ஸுக்குள்ளும் மூன்று புள்ளி மெனுவுக்குள்ளும் ஒளிந்திருக்கின்றன. குழந்தை அழும்போது யாரும் மெனு தேட மாட்டார்கள். திடீரென்று பழக்கமில்லாத வகை ஒன்று அடுக்கடுக்காக ஓடினால், முகப்பே மெதுவாகக் கேட்கலாம்: "இது உங்களுக்கா, வீட்டில் வேறு ஒருவருக்கா?" ஒரே அழுத்தத்தில் பதில் முடிந்துவிடும்.

சட்டமும் இங்கே வருகிறது. 18 வயதுக்கு உட்பட்டவர்களின் நடத்தையைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வடிவமைப்பின்போதே சட்டம் தெரிந்தவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்பவருக்கு என்ன காட்டுவது?

மொழி கேளுங்கள், பிடித்த மூன்று கலைஞர்களைக் கேளுங்கள், அதற்கு மேல் அதிகம் வேண்டாம். நம் ஊருக்கு மூன்றாவதாக ஒன்று உதவும்: எந்தக் காலப் பாட்டு பிடிக்கும் என்பது. எண்பதுகளா, இப்போதையதா என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

பணம் வாங்கிக்கொண்டு பாட்டை மேலே தூக்குகிறார்களா?

ஸ்பாட்டிஃபை 2020 நவம்பரில் டிஸ்கவரி மோட் என்ற திட்டத்தை அறிவித்தது. கலைஞரோ இசை நிறுவனமோ ஒரு பாட்டை முன்னுரிமைப் பாட்டாகக் குறிக்கலாம். அது செயலிக்குள் இருக்கும் ரேடியோ, பாட்டு முடிந்ததும் தானாக அடுத்தது ஓடும் தானியங்கித் தொடர்ச்சி போன்ற இடங்களில் கூடுதலாக வர வாய்ப்பு உண்டு. முன்கூட்டிப் பணம் கட்ட வேண்டியதில்லை, அந்த வழியில் கிடைக்கும் கேட்புகளுக்கான ராயல்டியில் 30 சதவீதத்தை ஸ்பாட்டிஃபை எடுத்துக்கொள்ளும்.

இதைப் பற்றிக் கருத்துகள் பலவாறு இருக்கின்றன. என்னுடையது: வணிக ஏற்பாடு எதுவாக இருந்தாலும் கேட்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். "உங்களுக்காக" என்ற தலைப்பின் கீழ் வேறு ஒருவருக்காக வைத்ததைச் சேர்க்கக் கூடாது. பரிந்துரைகள் எந்த அளவுகோல்களின்படி வருகின்றன என்பதைத் தளங்கள் தங்கள் விதிமுறைகளில் எளிய மொழியில் சொல்ல வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் கேட்கிறது. நல்ல தொடக்கம்.

நெட் இல்லாத இடத்தில் முகப்பு?

வெள்ளைத் திரையும் சுற்றும் வட்டமும் தெரிந்தால் அது தோற்ற முகப்பு. கடைசியாகக் கிடைத்த முகப்பைப் போனிலேயே வைத்திருந்து உடனே காட்ட வேண்டும், இறக்கி வைத்த பாட்டுகளை முன்னே கொண்டுவர வேண்டும். நெட் வந்த பிறகு, ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கார்டுகளை இடம் மாற்றக் கூடாது.

சிறிய குழு எங்கிருந்து தொடங்குவது?

பேண்டிட், ஆழ்கற்றல் எல்லாம் பிறகு. முதலில் "சமீபத்தில் கேட்டவை" வரிசையைச் சரியாகச் செய்யுங்கள்: ஒரே பாட்டு இரண்டுமுறை வராமல், பாதியில் விட்ட இடத்திலிருந்து தொடங்கும்படி. அதற்குக் கணக்கு வித்தை எதுவும் வேண்டாம். அடுத்து நேரவாரியான ஆறு கட்டங்கள். அதற்கும் எளிய எண்ணிக்கை போதும்: இந்த வேளையில் இவர் கடந்த சில வாரங்களில் அதிகம் கேட்டது எது? இவ்விரண்டும் ஒழுங்காக ஓடத் தொடங்கிய பிறகு புதுப் பாட்டுக்கான ஒரு வரிசை. வெளியிடும்போது எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்காமல், சிறு பகுதியினருக்குக் கொடுத்து, அவர்கள் எழுதுவதைப் படியுங்கள். எண்கள் என்ன நடந்தது என்று சொல்லும், ஏன் என்பதை ஆட்கள்தான் சொல்வார்கள்.

நான் வடிவமைப்பாளன் இல்லை, வெறும் ரசிகன். என் முகப்பு நன்றாக வர நான் என்ன செய்யலாம்?

பிடித்த பாட்டுக்கு லைக் போடுங்கள். பிடிக்காததை முதல் சில விநாடிகளிலேயே ஸ்கிப் செய்யுங்கள், சும்மா ஓடவிட்டால் பிடித்ததாகிவிடும். உங்களுக்கென்று ஒன்றிரண்டு பிளேலிஸ்ட் செய்து வையுங்கள், அமைப்புக்கு அதைவிடத் தெளிவான தடயம் கிடையாது. குழந்தைக்கும் விருந்தினருக்கும் பாட்டுப் போடும்போது தனிப்பட்ட அமர்வை இயக்குங்கள். வாரம் ஒருமுறையாவது முகப்பைத் தாண்டிப் போய், ஒரு பெயரை நீங்களே தேடிப் போடுங்கள். அடுத்த சில நாளில் முகப்பில் அதன் சாயல் தெரியத் தொடங்கும்.